பூனைக்கும் காவல் நிற்கும் நாய்

ஓயாமல் சண்டை போடுபவர்களை 'நாயும் பூனையும் போல' என்று சொல்வது நம் வழக்கம். ஆனால் வீட்டுப் பூனைக்காகத் தெருநாய்களை விரட்டும் நாய்களையும் நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். நம் சங்க அன்பர்கள் சிலர் வீட்டில் நாய் இருக்கும்போதே குழந்தைகளின் ஆசைக்காகப் பூனையோ முயலோ வாங்குகிறார்கள். நாயின் காவல் குணத்தை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதை அவர்கள் தெரிந்துகொள்வது நல்லது.

நாய், கூட்டமாக வாழும் ஓநாயின் வழிவந்தது. நம்மவர், அயலார் என்று பிரித்துப் பார்ப்பது அதன் இயல்பு. யார் நம்மவர் என்பது பெரும்பாலும் குட்டிப் பருவத்தில் பதிகிறது. பிறந்த 3-வது வாரம் முதல் ஏறக்குறைய 12-வது வாரம் வரை குட்டி எந்தப் பிராணியோடு பழகுகிறதோ, அதைத் தன் கூட்டத்தில் சேர்த்துக்கொள்கிறது. அமெரிக்க விஞ்ஞானிகள் ஸ்காட், ஃபுல்லர் இருவரும் 1965-ல் வெளியிட்ட நூலில் இந்தப் பருவத்தை விரிவாக விளக்கியிருக்கிறார்கள்.

இடையர்களுக்கு இது காலங்காலமாகத் தெரிந்த விஷயம். இத்தாலியில் மரெம்மா இனக் குட்டிகளை ஆட்டுப் பட்டியிலேயே வளர்ப்பார்கள். நம் ஹிமாசல மலைகளிலும் மந்தைக் காவலுக்கு நாய்கள் உண்டு. சிறுத்தை கழுத்தைக் கவ்வாதிருக்க அவற்றுக்கு முள் வைத்த இரும்புப் பட்டை கட்டுவார்கள். ஆஸ்திரேலியாவில் வார்ணம்பூல் நகரை ஒட்டிய மிடில் தீவில், நரிகளின் வேட்டையால் 2005-ல் பென்குவின்கள் பத்துக்கும் குறைவாகிவிட்டன. கோழிப் பண்ணைக் காவலில் பெயரெடுத்த மரெம்மா நாய்களை 2006-ல் அங்கே கொண்டுபோய் விட்டார்கள். அடுத்த சில ஆண்டுகளில் பென்குவின்கள் நூறைத் தாண்டின.

நாக்பூரில் ரயில்வே குடியிருப்பில் நாங்கள் இருந்தபோது மணி என்ற நாட்டு நாயை வளர்த்தோம். எங்கள் பூனை அதன் வயிற்றில் தலை வைத்துத் தூங்கும். ஆனால் வேறு பூனை மதிலேறி வந்தால் மணி பாய்ந்து விரட்டிவிடும். அதாவது, மணிக்குப் பூனை இனத்தின் மேல் பாசம் ஏதும் இல்லை. எங்கள் பூனை வீட்டு ஆள், அவ்வளவுதான். மணியின் காவலில் பாதி, தன் இடத்தைக் காக்கும் குணம். காய்கறிக்காரரைப் பார்த்தும் அதே குரலில்தான் குரைக்கும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. தேடுவது, பதுங்குவது, துரத்துவது, கவ்வுவது, கொல்வது என்று வேட்டை குணம் படிப்படியாக அமைந்தது. மந்தைக் காவல் இனங்களில் இதைத் தலைமுறை தலைமுறையாக மழுக்கிவிட்டார்கள். நம் சிப்பிப்பாறை நாயோ முயல் வேட்டைக்கென்றே வளர்க்கப்பட்டது. ஓடுகிற சிறு பிராணியைக் கண்டால் துரத்தத்தான் செய்யும். அதன் மேல் குற்றமில்லை.

ஆகவே சில யோசனைகள். புதுப் பிராணியை முதல் நாளே நாயின் முன் விடாதீர்கள். அது படுத்த துணியை நாய் முகர்ந்து பழகட்டும். பிறகு சங்கிலியைக் கையில் பிடித்தபடி தூரத்திலிருந்து காட்டுங்கள். பூனை ஏறிக்கொள்ள உயரமான இடம் வேண்டும். சாப்பாட்டுத் தட்டுகள் தனித்தனி இடத்தில் இருக்கட்டும். நாய் உடம்பு விறைத்து, கண் கொட்டாமல் உற்றுப் பார்த்தால் அதைப் பாசம் என்று எண்ணாதீர்கள், உடனே பிரித்துவிடுங்கள். உடம்பைத் தளர்த்தி, முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்தால் நல்ல அறிகுறி. முயலையும் பறவையையும் எத்தனை மாதம் பழகியிருந்தாலும் நாயோடு தனியே விட்டுப் போகக் கூடாது.

இன்னொன்று, காவல் நிற்கும் நாய்தான் முதலில் தெருநாயிடம் கடிபடும். நாய், பூனை இரண்டுக்கும் வெறிநோய்த் தடுப்பூசியைத் தவணை தவறாமல் போட்டுவிடுங்கள்.