வங்கி ஊழியருக்குக் கடன் வந்தால்

வங்கியில் வேலை பார்ப்பவர் கடன் வாங்கக் கூடாது என்று சட்டம் எதுவும் சொல்லவில்லை. சேத்தூரில் நூல்மில் தொழிலாளி ஒருவர் தவணை தவறினால், அது அவருக்கும் கடன் கொடுத்தவருக்கும் இடையிலான விவகாரம். ராஜபாளையத்தில் வங்கிக் கவுன்டரில் உட்காரும் எழுத்தர் தவறினால், வேலை கொடுத்தவரும் அந்த விவகாரத்துக்குள் வந்துவிடுகிறார். அவர் எதுவரை வரலாம் என்பதுதான் கேள்வி.

வேலையில் சேரும் நாளில்தான் கெடுபிடி அதிகம். பொதுத்துறை வங்கிகளுக்கு ஆள் எடுக்கும் ஐ.பி.பி.எஸ். அறிவிப்புகள், சேரும்போது கடன் வரலாறு நல்ல நிலையில் இருக்க வேண்டும் என்கின்றன. ஸ்டேட் வங்கி 2020-இல் அதிகாரி பணிக்கு விண்ணப்பம் கோரியபோது, கடனையோ கிரெடிட் கார்டு பாக்கியையோ கட்டத் தவறிய பதிவு உள்ளவர்களுக்குத் தகுதியில்லை என்று நிபந்தனை வைத்தது. தேர்வான ஒருவரின் நியமனம் 2021-இல் இதன்படி ரத்தானது. கடன்களையெல்லாம் அடைத்துவிட்டதாக அவர் வாதாடியும், 2025 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் வங்கியின் முடிவு செல்லும் என்றது. பொதுமக்கள் பணத்தைக் கையாளுபவருக்கு நிதி ஒழுக்கம் தேவை என்பது வாதம். படிப்புக் கடன் வாங்கி, வேலை கிடைக்காமல் தவணை தவறிய பட்டதாரிக்கு அதே தவறு வேலையின் கதவையும் சாத்துவது கடுமையாகவே தோன்றும்.

கடன் வரலாற்றைக் காட்டும் அறிக்கையே தப்பாக இருந்தால் வழி உண்டு. சிபில் போன்ற ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனமும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். புகாரை 30 நாளில் தீர்க்காவிட்டால், அதற்குமேல் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு என 2023 அக்டோபரில் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. நண்பருக்குப் போட்ட ஜாமீன் கையெழுத்தும் சிபில் அறிக்கையில் ஏறும் என்பதைப் பலர் தேர்வான பிறகுதான் அறிகிறார்கள்.

சேர்ந்த பின் நிலைமை இளகுகிறது. எழுத்தர், கடைநிலை ஊழியர்களுக்காக வங்கி நிர்வாகங்களும் தொழிற்சங்கங்களும் செய்துகொண்ட 1966-ஆம் ஆண்டு இருதரப்பு ஒப்பந்தம், நிர்வாகம் அளவுக்கு மீறியதாகக் கருதும் கடனைச் சிறு தவறுகளின் பட்டியலில்தான் வைத்தது. 2002 ஒப்பந்தமும் அதை மாற்றவில்லை. எவ்வளவு என்றால் அளவுக்கு மீறியது என்று எங்கும் எழுதப்படவில்லை; அது மேலாளரின் கண்ணைப் பொறுத்த சங்கதி. ஆனால் தண்டனைக்கு வரம்பு உண்டு: எச்சரிக்கை, பதிவேட்டில் பாதகமான குறிப்பு, அல்லது ஆறு மாதத்துக்கு மேற்படாமல் ஊதிய உயர்வை நிறுத்துவது. கடன் என்ற ஒரே காரணத்துக்காக எடுத்த எடுப்பில் வேலையை விட்டு அனுப்ப இதில் இடமில்லை. வாடிக்கையாளர் கணக்கில் கை வைத்துவிட்டால் அது வேறு வழக்கு; அப்போதும் குற்றப்பத்திரிகை, விசாரணை, சங்கப் பிரதிநிதியைத் துணைக்கு வைத்துக்கொள்ளும் உரிமை எல்லாம் உண்டு. அதிகாரிகளுக்கு 1976 நடத்தை விதிமுறைகள் இன்னும் இறுக்கமானவை: வட்டிக்கு விடுபவரிடமோ, தனக்குக் கீழே வேலை பார்ப்பவரிடமோ, வங்கியோடு வரவு செலவு உள்ளவரிடமோ அவரும் கடன்படக் கூடாது, குடும்பத்தாரையும் கடன்பட விடக் கூடாது.

கடன் கொடுத்தவர் நீதிமன்றத்தில் தீர்ப்பு வாங்கினால் சம்பளம் ஜப்தியாகலாம், முழுதாக அல்ல. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆவது பிரிவு, முதல் 1,000 ரூபாயையும் மிச்சத்தில் மூன்றில் இரண்டு பங்கையும் ஊழியருக்கே விட்டுவிடுகிறது. மாதச் சம்பளம் 46,000 என்றால் பிடிக்கக்கூடியது 15,000. ஒரே தீர்ப்புக்காக மொத்தம் 24 மாதத்துக்கு மேல் பிடிக்க முடியாது. ஜீவனாம்சத் தீர்ப்புக்கு இந்தச் சலுகை இல்லை. அதில் மூன்றில் ஒரு பங்குதான் காப்பாற்றப்படும். வருங்கால வைப்பு நிதிக்கும் பணிக்கொடைக்கும் தனிப் பாதுகாப்பு உண்டு.

வங்கிகளும் நிதி நிறுவனங்களும் அனுப்பும் வசூல் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் போன் செய்யக் கூடாது, பொது இடத்தில் அவமானப்படுத்தக் கூடாது என்கிறது ரிசர்வ் வங்கியின் 2022 ஆகஸ்ட் சுற்றறிக்கை. கிளைக்கு வந்து வாடிக்கையாளர்கள் முன்னால் சத்தம் போடுவதும் இதில் அடங்கும். கந்துவட்டிக்காரருக்கு இந்தச் சுற்றறிக்கை கிடையாது. அவர்மீது 2003-ஆம் ஆண்டு தமிழ்நாட்டுச் சட்டப்படி போலீசில் புகார் தரலாம். அதில் மூன்றாண்டு வரை சிறைத் தண்டனை உண்டு.

உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. கடன் கழுத்தை நெரிக்கும்போது வியாபாரிகள் நாடும் கடைசி வழி ஐ.பி. கொடுப்பது, அதாவது மஞ்சள் நோட்டீஸ். 1920-ஆம் ஆண்டு நொடிப்புச் சட்டப்படி விருதுநகர் மாவட்டத்தில் இதற்கான தலைமை நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறது. வியாபாரிக்கு மூச்சுவிட இடம் தரும் இந்த மனு, வங்கி ஊழியரின் வேலைக்கே உலை வைக்கும். வங்கி ஒழுங்குமுறைச் சட்டம் 1949-இன் 10-ஆவது பிரிவு, நொடித்தவர் என்று எப்போதாவது அறிவிக்கப்பட்டவரையும், கடன்காரர்களுக்குப் பணம் கட்டுவதை நிறுத்திவிட்டவரையும், அவர்களோடு குறைத்துப் பேசி முடித்துக்கொண்டவரையும் எந்த வங்கியும் வேலையில் வைத்திருக்கக் கூடாது என்கிறது. இங்கே மேலாளரின் இரக்கத்துக்கு வேலை இல்லை. தடை வங்கியின் மீதே விழுகிறது. ஆகவே எந்த மனுவிலும் கையெழுத்துப் போடுமுன் வங்கி ஊழியர் வக்கீலிடம் இந்தப் பிரிவைக் காட்டிக் கேட்டுக்கொள்வது அவசியம்.

தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்க ஊழியர்களுக்கு இந்தத் தடை கிடையாது. அவர்களுக்குச் சங்கத்தின் பணி விதிகள்தான். தனியார் நிதி நிறுவனங்களிலும் குழுக்கடன் வசூலிலும் இருப்பவர்களுக்கு இந்தத் தடையும் இல்லை, இருதரப்பு ஒப்பந்தத்தின் பாதுகாப்பும் இல்லை. அவர்களுக்கு நியமன ஆணையில் எழுதியிருப்பதும் பொதுவான தொழிலாளர் சட்டங்களுமே ஆதாரம்.