பிறழ் சாட்சி

போலீசிடம் "கத்தியோடு ஓடியவனைப் பார்த்தேன்" என்றவர், கூண்டில் ஏறியதும் "எனக்கு எதுவும் தெரியாது" என்கிறார். அரசு வழக்கறிஞர் எழுந்து, தான் அழைத்துவந்த சாட்சியையே குறுக்கு விசாரணை செய்ய நீதிபதியிடம் அனுமதி கேட்கிறார். மறுநாள் நாளிதழில் 'பிறழ் சாட்சி' என்ற சொல் வருகிறது.

பிறழ்தல் என்றால் நிலை மாறுதல், நழுவுதல். இப்படிப்பட்டவரை ஆங்கிலம் 'ஹாஸ்டைல்', அதாவது பகையானவர் என்கிறது. 1872ஆம் ஆண்டின் இந்திய சாட்சியச் சட்டத்தில் அந்தச் சொல்லே கிடையாது. சாட்சியின் நம்பகத்தன்மையைக் குலைக்க அச்சட்டம் வழிகள் வகுத்திருந்தது: இவர் பேச்சை நம்ப முடியாது என்று அவரை அறிந்தவர்கள் சொல்லலாம், லஞ்சம் வாங்கியதை நிரூபிக்கலாம், முன்பு சொன்னதற்கு முரணாகப் பேசுவதைக் காட்டலாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய அதினியத்திலும் இம்மூன்றும் தொடர்கின்றன.

நான்காவதாக ஒரு வழியும் இருந்தது. பாலியல் வன்முறை வழக்கில், புகார் சொன்ன பெண்ணை ஒழுக்கம் கெட்டவள் என்று காட்டி அவர் சாட்சியத்தை உடைக்கலாம். அந்தக் கொடுமையான பிரிவை நீக்க 2002ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

சாட்சி பிறழ்ந்ததாலேயே அவர் சொன்னது முழுவதும் குப்பைக்குப் போய்விடாது. நம்பத் தகுந்த பகுதியைப் பிற ஆதாரங்களோடு ஒப்பிட்டு ஏற்கலாம் என்று உச்ச நீதிமன்றம் பலமுறை கூறியிருக்கிறது.

'பிறழ்ந்தார்' என்பது தன்வினை. பிறழவைத்தவர் யார் என்பதை அது சொல்வதில்லை.

2002 மார்ச் 1 அன்று வதோதராவில் பெஸ்ட் பேக்கரி எரிக்கப்பட்டதில் 14 பேர் இறந்தனர். சாட்சிகள் பலர் பிறழ, 2003இல் குற்றம் சாட்டப்பட்ட 21 பேரும் விடுதலையானார்கள். மறு ஆண்டு உச்ச நீதிமன்றம் வழக்கை மகாராஷ்டிரத்துக்கு மாற்றி மறுவிசாரணைக்கு உத்தரவிட்டது. 2006இல் 9 பேருக்குத் தண்டனை கிடைத்தது. மேல்முறையீட்டில் நால்வருக்கு அது உறுதியானது. முன்னுக்குப் பின் முரணாகப் பேசிய முக்கிய சாட்சிக்கும் ஓராண்டு சிறை.

சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்துக்கு உச்ச நீதிமன்றம் 2018இல்தான் சட்ட வலிமை தந்தது. மிரட்டலுக்கு ஆளானவர், மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவிடம் விண்ணப்பிக்கலாம். போலீஸ் காவல், அடையாள மறைப்பு, தேவைப்பட்டால் வேறு ஊரில் தங்குமிடம் வரை கிடைக்கும். இப்படி ஒரு திட்டம் இருப்பதைச் சாட்சிக்கு எடுத்துச்சொல்வது விசாரணை அதிகாரி, நீதிமன்றம் இருவரின் கடமை என்றும் அதில் எழுதியிருக்கிறது. கூண்டில் ஏறப்போகும் ஒவ்வொருவர் காதிலும் அது முன்கூட்டியே விழ வேண்டும்.