‘ணங்’ என்ற கல், ‘டொக்’ என்ற கல்

பிரிக்பீல்ட்ஸ் என்ற பெயரே செங்கல் சூளையில் பிறந்ததுதான். 1881இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரை அடுத்தடுத்துச் சூறையாடிய பிறகு, அத்தாப்புக் கூரையை விட்டுவிட்டுச் செங்கல்லில் கட்டச் சொன்னார்கள். அந்தச் செங்கல்லைச் சுட்ட இடம் எங்கள் வட்டாரம். இங்கே ஒரு கோயில் திருப்பணியில், தமிழ்நாட்டிலிருந்து வந்திருந்த சிற்பி ஒருவர் கருங்கற்களைச் சுத்தியலால் தட்டித் தட்டிக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு கல் ‘ணங்’ என்றது. பக்கத்துக் கல் ‘டொக்’.

“இது சிலைக்கு ஆகாதுண்ணே. உள்ளே விரிசல் ஓடியிருக்கு.”

மேலே ஒரு கீறல்கூட இல்லை. எங்கே கற்றீர்கள் என்றேன். “மகாபலிபுரம் காலேஜ். கணபதி ஸ்தபதி ஐயா எழுதினதுதான் எங்களுக்குப் பாடம்.”

தட்டும்போது எழும் அதிர்வு, பழுதில்லாத கல்லுக்குள் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் மாறி மாறி ஓடும். அந்த ஓட்டம் நீடிப்பதுதான் மணியோசை. நடுவில் மயிரிழை விரிசல் இருந்தாலும் அதிர்வு அங்கே சிதறிச் செத்துப்போகும். பாலத்துத் தூணுக்குள் ஒலியலை அனுப்பிப் பழுது பார்க்கும் பொறியாளர்களின் கருவிக்கும் அடிப்படை இதுவே. சிற்பிகளிடம் கருவி இல்லை, காது இருந்தது.

வை. கணபதி ஸ்தபதி 1927இல் காரைக்குடி அருகே பிள்ளையார்பட்டியில் பிறந்தார். தந்தை வைத்தியநாத ஸ்தபதியும் பேர்பெற்ற சிற்பி. மகன் கல்லூரியில் கணிதம் படித்துவிட்டு உளிக்குத் திரும்பினார். மாமல்லபுரம் சிற்பக் கல்லூரியில் நெடுங்காலம் முதல்வராக இருந்தார். 2009இல் பத்மபூஷண், 2011 செப்டம்பரில் மறைந்தார்.

அவர் கைவேலையில் என்னை அதிகம் மலைக்க வைப்பது கன்னியாகுமரித் திருவள்ளுவர். 2000 ஜனவரி 1 அன்று திறக்கப்பட்டது. பீடம் 38 அடி, சிலை 95 அடி, மொத்தம் 133. அறத்துப்பாலின் அதிகாரங்கள் கீழே தாங்க, பொருளும் இன்பமும் மேலே நிற்கின்றன. நம் பத்துமலை முருகன் 140 அடி, 2006இல் எழுந்தவர். உயரத்தில் இருவரும் ஏறக்குறைய ஒரே ஆள்தான். ஆனால் முருகனுக்குள் இருப்பது சிமெண்டும் சுமார் 250 டன் இரும்புக் கம்பியும். வள்ளுவரோ கல்லின்மேல் கல்லாக அடுக்கப்பட்டவர்.

கருங்கல்லை மேலிருந்து அழுத்தினால் அசராமல் தாங்கும். இழுத்தாலோ வளைத்தாலோ, தாங்குவதில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாமல் உடையும். ஆகவே அடுக்கிய கல் நிற்க வேண்டுமானால், அதன் எடை விழும் கோடு பீடத்துக்குள்ளேயே இறங்கியாக வேண்டும். நிமிர்ந்த தூணுக்கு இது சுலபம். ஸ்தபதியோ வள்ளுவரின் இடுப்பை நடராசர்போல ஒசித்துவிட்டார்! இடுப்பு ஒரு பக்கம் போனால் தோளும் தலையும் அதை ஈடுகட்டி மறுபக்கம் திரும்ப வேண்டும். அழகுக்காகச் செய்த வளைவு என்று நாம் பார்க்கிறோம். அதற்குள் எடைக் கணக்கு ஒளிந்திருக்கிறது. 2004 டிசம்பர் 26இல் சுனாமி அந்தப் பாறையில் மோதியபோதும் சிலை நின்றது.

கம்பி வைத்தால் என்ன குறை? கம்பி துருப்பிடித்தால் பருத்துவிடும். துரு, இரும்பைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் இடம் கேட்கும். கான்கிரீட் உள்ளிருந்தே பிளக்கும். நம் ஊர் மழையில் பழைய கடைவீடுகளின் தாழ்வாரத்தில் சிமெண்டு உதிர்ந்து செம்பழுப்புக் கம்பி பல்லிளிப்பதைக் கிள்ளானில் நடந்தாலே பார்க்கலாம்.

ஹவாயின் கவாய்த் தீவில் ஸ்தபதி வடிவமைத்த இறைவன் கோயிலுக்கு ஆயிரம் ஆண்டு நிற்க வேண்டும் என்பது நிபந்தனை. கற்கள் பெங்களூரு அருகே செதுக்கப்பட்டுக் கப்பலேறின. அடித்தளத்தை 1999இல் பெர்க்லி பேராசிரியர் குமார் மேத்தா கம்பியே இல்லாமல் போட்டார்: தலா இரண்டடி கனத்தில் இரண்டு அடுக்கு. சிமெண்டில் பாதிக்கு மேல் குறைத்து, அந்த இடத்தில் நிலக்கரிச் சாம்பலைச் சேர்த்தார். சிமெண்டு இறுகும்போது சூடு கிளம்பும். பெரிய திட்டில் அந்தச் சூடே விரிசல் விடும். சாம்பல் சூட்டைத் தணித்தது.

மத்திய அமெரிக்காவின் மாயர்களும் நம் சிற்ப சாத்திரத்து மயனும் ஒரே மரபு என்று ஸ்தபதி நம்பினார், அங்கே போய் அளந்தும் பார்த்தார். எனக்கு அதில் உடன்பாடு இல்லை, ஆய்வாளர்களும் ஏற்கவில்லை. அளவுகோல்கள் ஒத்துப்போனால் வம்சம் ஒன்றாகிவிடாது. மனித விரலும் முழமும் எந்த ஊரிலும் ஏறக்குறைய ஒரே நீளம்தானே.

அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது அவருடைய கொடை மனம். தகப்பன் மகனுக்கு மட்டும் காதோடு சொல்லிவந்த தொழில் இது. அவர் அதை ‘சிற்பச் செந்நூல்’ என்று எழுதி அச்சில் போட்டார். எந்த வீட்டுப் பிள்ளையும் காசு கொடுத்து வாங்கிப் படிக்கலாம் என்றானது. இல்லாவிட்டால் பிரிக்பீல்ட்ஸில் என்னிடம் கல்லைத் தட்டிக் காட்ட அந்தச் சிற்பி வந்திருப்பாரோ என்னவோ.

அந்த ‘டொக்’ கல்லை அவர் வீணாக்கவில்லை. இப்போது கோயில் வாசலில், கால் கழுவும் குழாயடியில் படியாகக் கிடக்கிறது. போகும்போதெல்லாம் சாவிக்கொத்தால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் உள்ளே நுழைகிறேன்.