ஒரு பல்லின் கணக்கு

சரக்குந்தின் டீசல் எஞ்சினை முழுவதும் பிரித்துச் செப்பனிட்டு மீண்டும் பூட்டுவது பல நாள் உழைப்பு. அவ்வுழைப்பின் பயன், பற்சக்கரத்தின் ஒரே ஒரு பல் எங்கே பொருந்துகிறது என்பதைப் பொறுத்து அமைகிறது. கேம் ஷாஃப்ட்டை உரிய நிலையில் பொருத்தும் இப்பணியைப் பணிமனைகளில் 'டைமிங் வைத்தல்' என்பர்.

ஒன்றுக்கு இரண்டு

காற்றை உறிஞ்சுதல், அழுத்துதல், ஆற்றல் தருதல், புகையை வெளியேற்றுதல் ஆகிய நான்கு வீச்சுகளும் நிறைவுறப் பிஸ்டன்களோடு பிணைந்த கிராங்க் ஷாஃப்ட் இருமுறை சுழல வேண்டும். அதற்குள் ஒவ்வொரு வால்வும் ஒருமுறையே திறந்து மூட வேண்டும். ஆதலால், வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்ட் ஒருமுறை மட்டுமே சுழலும். இவ்விகிதம் பிறழாதிருக்கவே கேம் ஷாஃப்ட்டின் சக்கரத்தில் இருமடங்கு பற்கள் அமைக்கப்படுகின்றன.

ஒரு பல் பிறழ்ந்தால்

கேம் சக்கரத்தில் 72 பற்கள் உள்ளன எனக் கொள்வோம். ஒரு பல் தள்ளிப் பூட்டினால் பிழை 5 பாகை. கிராங்க் ஷாஃப்ட்டின் கணக்கில் அது 10 பாகை. டீசல் எஞ்சினில் காற்று மிகுதியாக அழுத்தப்படுவதால், பிஸ்டன் உச்சத்தை எட்டும்போது அதன் மேலே மிகக் குறுகிய வெளியே எஞ்சும். புகை வெளியேறி முடிந்து புதுக்காற்று நுழையத் தொடங்கும் தருணத்தில் இருவகை வால்வுகளும் சற்றே திறந்திருக்கும். காலம் தவறிய வால்வு அவ்வேளையில் பிஸ்டனோடு மோதி வளையக்கூடும். மோதல் நேராவிடினும் இழுவிசை குன்றும்; புகை மிகும்; டீசல் வீணாகும்.

குறிகள் கூடுமிடம்

முதலில், முதற்சிலிண்டரின் பிஸ்டன் உச்சநிலைக்குக் கொண்டுவரப்படுகிறது. பின்னர், சக்கரங்களில் பொறிக்கப்பட்டுள்ள குறிகள் ஒன்றையொன்று நோக்குமாறு அவை பூட்டப்படுகின்றன. இரண்டிற்கும் நடுவே இடைச்சக்கரம் இருப்பின் அதன் குறிகளும் பொருந்த வேண்டும். இரு சுற்றுகளுக்குப்பின் இடைச்சக்கரத்தின் குறி விலகியிருக்கக் கண்டு புதியவர் கலங்குவதுண்டு. அதன் பற்களின் எண்ணிக்கை வேறாதலால் அவ்விலகல் இயல்பே.

கையறியும் பிழை

பூட்டியவுடன் எஞ்சினை முடுக்கலாகாது. கிராங்க் ஷாஃப்ட்டைக் கையால் மெல்ல இரு முழுச்சுற்றுகள் சுழற்ற வேண்டும். எங்கேனும் தடைபட்டால் வலிந்து திருப்பாமல் நிறுத்திக் காரணத்தை ஆராய வேண்டும். தடையின்றிச் சுழன்றாலும், வால்வின் அசைவை டயல் கேஜ் கொண்டு அளந்து, கையேடு கூறும் அளவோடு ஒப்பிடுதல் நன்று. மோதாத அளவிலும் பிழை மறைந்திருக்கலாம்.

கை தடையை உணர்ந்து நிற்கும். முடுக்கப்பட்ட எஞ்சின் நிற்காது. சில நிமிடச் சோதனையைத் தவிர்ப்பவர், பல நாள் உழைப்பை இழக்க நேரிடும்.