பந்தாட்டம் பார்க்க மைதானமா, டெலிவிஷனா?

பெங்களூர் அல்சூர் பக்கம் உள்ள கவுதமபுரத்தில் சில சிலைகள் நிற்கின்றன. புத்தர், அம்பேத்கர், அன்னை தெரசா. அவர்களோடு சேர்ந்து நிற்பவர் பிரேசில் நாட்டுப் பந்தாட்ட வீரர் பீலே! தமிழர்கள் நிறைந்த அந்தப் பேட்டையில் பந்தாட்டப் பைத்தியம் எந்த அளவு என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

ஆனால் அங்கேயும் இன்று ஒரு வழக்கு நடக்கிறது. ஆட்டத்தை மைதானத்துக்குப் போய்ப் பார்ப்பதா, வீட்டில் டி.வி.யில் பார்ப்பதா? பெரியவர்கள் ஒரு கட்சி, பிள்ளைகள் மறு கட்சி.

கையால் போட்ட கோல்

பிள்ளைகள் கட்சிக்கு வலுவான சாட்சி 1986-ம் ஆண்டு மெக்சிகோ உலகக் கோப்பை. ஜூன் 22-ந்தேதி அர்ஜென்டினாவும் இங்கிலாந்தும் மோதின. அஸ்டெகா ஸ்டேடியத்தில் ஒரு லட்சத்துக்கு மேல் கூட்டம். மரடோனா எகிறிக் குதித்து, பந்தைக் கையால் தட்டி உள்ளே தள்ளினார். நடுவர் கவனிக்கவில்லை, கோல் என்று விசில் ஊதிவிட்டார். இங்கிலாந்து ஆட்டக்காரர்கள் ஏன் நடுவரைத் துரத்துகிறார்கள் என்று தூரத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு எப்படித் தெரியும்? டி.வி. முன்னால் இருந்தவர்களுக்கோ மறுபடியும் மறுபடியும் போட்டுக் காட்டினார்கள். டிக்கெட் வாங்காதவன் பார்த்ததை, டிக்கெட் வாங்கியவன் பார்க்கவில்லை!

இதற்குப் பெரியவர்கள் கட்சியில் பதில் உண்டு. பந்து இருக்கும் இடம்தான் டி.வி.க்கு உலகம். பந்து ஒரு கோடியில் இருக்கும்போது, மறுகோடியில் கோல்கீப்பர் எவ்வளவு தூரம் முன்னால் வந்து நிற்கிறார்? எதிராளியை 'ஆப்-சைடு' வலையில் சிக்கவைக்கத் தடுப்பு ஆட்டக்காரர்கள் எப்படி ஒரே வரிசையாக முன்னேறுகிறார்கள்? பந்து கிடைக்காதா என்று ஓரத்தில் ஒருவர் எத்தனை முறை ஓடிப் பார்த்து ஏமாந்து திரும்புகிறார்? இதெல்லாம் படிக்கட்டில் உட்கார்ந்திருப்பவன் கண்ணுக்குத்தான் தெரியும். ஆடக் கற்கும் பையனுக்கு வேண்டிய பாடமும் இதுதான். டி.வி.யை மட்டும் பார்த்து வளரும் பையன், கோல் போட்டதும் எப்படிக் கொண்டாடுவது என்பதை முதலில் கற்றுக்கொள்கிறான். எங்கே நிற்பது என்பதைக் கற்பதில்லை.

இன்னொன்று, சத்தம். அசோக் நகர் கால்பந்து ஸ்டேடியத்தில் உள்ளூர் லீக் ஆட்டத்துக்குப் போனால், "டேய், பின்னாடி ஆளைப் பாருடா!" என்று ஆட்டக்காரர்கள் ஒருவரை ஒருவர் தமிழிலேயே விரட்டுவது காதில் விழும். எந்த டி.வி.யில் இது கிடைக்கும்?

கண்டீரவா இரவுகள்

கண்டீரவா ஸ்டேடியத்தில் அப்படிக் கேட்காது. நடுவில் ஓட்டப்பந்தயப் பாதை இருப்பதால் ஆட்டம் எட்டத்தில் நடக்கிறது. ஆனால் 2016 அக்டோபர் 19-ந்தேதி இரவு அங்கே இருந்தவர்கள் அதை ஒரு குறையாகச் சொல்ல மாட்டார்கள். ஏ.எப்.சி. கோப்பை அரை இறுதியில் மலேசியாவின் ஜோகூர் அணியை பெங்களூர் எப்.சி. 3-1 என்று சாய்த்தது. இரண்டு கோல் சுனில் சேத்ரி போட்டார். அந்தப் போட்டியின் இறுதிக்குப் போன முதல் இந்திய கிளப் அதுதான். 2023 ஜூலை 4-ந்தேதி அதே மைதானத்தில் தெற்காசியக் கோப்பைக்காக இந்தியாவும் குவைத்தும் 1-1 என்று நின்று, பெனால்டியில் இந்தியா 5-4 என்று வென்றது. கடைசி உதையை குர்பிரீத் சிங் பாய்ந்து தடுத்தபோது எழுந்த கூச்சல் வீட்டில் இருந்தவர்களுக்கும் கேட்டது. ஆனால் அவர்கள் அந்தக் கூச்சலில் சேரவில்லையே!

1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சை எதிர்த்து இந்தியாவின் ஒரே கோலைப் போட்ட ராமன் பெங்களூர்க்காரர். 2-1 என்று இந்தியா தோற்ற ஆட்டம் அது. அந்தக் கோலை ஊர்க்காரர்கள் பேப்பரில்தான் படித்தார்கள். ராமனின் ஆட்டத்தையோ உள்ளூர் மைதானத்தில் கண்ணாரப் பார்த்திருந்தார்கள்.

காலியான படிக்கட்டுகள்

வழக்கில் ரசனை மட்டும் அடங்கியிருந்தால் பரவாயில்லை, பிழைப்பும் அடங்கியிருக்கிறது. எச்.ஏ.எல்., ஐ.டி.ஐ. போன்ற தொழிற்சாலைகள் அணி வைத்திருந்ததால், பந்தாடத் தெரிந்த எத்தனையோ ஏழைப் பையன்களுக்கு நிரந்தர வேலை கிடைத்தது. எச்.ஏ.எல். அணி 2010-ல் ஐ-லீக் வரை போய் ஆடியது. படிக்கட்டுகள் காலியாகக் கிடந்தால், "அணி எதற்கு?" என்று நிர்வாகம் கேட்கும்போது பதில் சொல்ல யார் இருக்கிறார்கள்?

அதற்காக டி.வி. பார்ப்பவனைக் குறை சொல்லிப் பயனில்லை. உள்ளூர் லீக் ஆட்டங்கள் பெரும்பாலும் வேலை நாட்களில் பிற்பகலில் நடக்கின்றன. அந்த நேரத்தில் குமாஸ்தா ஆபீசில், தொழிலாளி ஷிப்டில். நள்ளிரவில் ஐரோப்பிய ஆட்டத்தை டி.வி.யில் பார்த்துவிட்டுக் காலை ஷிப்டுக்குக் கண் சிவக்க ஓடுகிறவன், ஆட்டத்தில் ஆசை இல்லாதவனா என்ன? முக்கியமான ஆட்டங்களை ஞாயிற்றுக்கிழமை மாலையில் வைத்துப் பார்க்கட்டும். பையனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்துவிடுவான். டி.வி. ராத்திரிக்கு இருக்கவே இருக்கிறது.