பானை ஓட்டிற் படிந்த கொழுப்பும் திணை உணவும்

தொல்காப்பியம் கருப்பொருள்களை எண்ணுமிடத்து உணவையும் அவற்றுள் ஒன்றாக வைக்கின்றது. முல்லைக்கு வரகும் சாமையும், குறிஞ்சிக்குத் தினையும் ஐவனநெல்லும் மூங்கிலரிசியும், மருதத்திற்கு நெல்லும் என உரையாசிரியர் வகுத்தனர். இப்பகுப்பு மக்கள் உண்டதைக் கண்டு கூறியதோ, புலவர் அமைத்துக்கொண்ட மரபோ என்னும் ஐயத்தை நூல்களை மட்டுங்கொண்டு தீர்த்தல் அரிது. பழம் பானையோடுகள் இதற்கு எத்துணைச் சான்றளிக்கக்கூடும் என்பதை ஈண்டு ஆராய்வோம்.

மட்கலத்திற் சமைக்குங்கால் கொழுப்பு அதன் நுண்துளைகளுட் புகுந்து தங்குகின்றது. அதிலுள்ள பால்மிட்டிக், ஸ்டியரிக் என்னும் கொழுப்பமிலங்களைப் பல்லாயிரம் ஆண்டுகட்குப் பின்னரும் பிரித்தெடுக்கலாம். கரியணுக்களுள் எடை 12 உடையனவே மிகப் பல; 13 உடையன நூற்றுக்கு ஒன்றளவின. சிதையாது நிற்கும் இவ்விருவகையையும் நிலையான ஐசோடோப்புகள் என்பர். இவற்றின் விகிதத்தை ஒரு நியமத்தோடு ஒப்பிட, நெல், மூங்கில், பயறு ஆகியவை ஆயிரத்திற்கு ஏறத்தாழ 27 குறைந்தும், தினை, வரகு, சாமை, சோளம் ஆகியவை 12 அளவே குறைந்தும் காணப்படும். காற்றிலிருந்து கரியைக் கொள்ளும் முறை இவ்விரு வகைத் தாவரங்கட்கும் வேறாதலே காரணம். தீனியின் வழி இவ்வேறுபாடு விலங்கிற்கும் செல்லும். வைக்கோல் தின்னும் கும்பகோணத்து மாட்டின் பாலும் சோளத்தட்டை தின்னும் கொங்குநாட்டு மாட்டின் பாலும் ஒன்றாகா.

பாலையும் ஊன்கொழுப்பையும் பிரித்தறியும் வழியை 1998இல் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்து ஸ்டெஃபனி டட், ரிச்சர்டு எவர்ஷெட் ஆகியோர் காட்டினர். அசைபோடும் விலங்கின் மடி ஸ்டியரிக் அமிலத்தைத் தானே ஆக்குவதில்லை. தீனிக் கொழுப்பிலிருந்து வருவதையே பெரிதும் கொள்ளும். தாவரக் கொழுப்பிற் கரி-13 குறைவு. ஆதலின் பாலில் அவ்வமிலம் பால்மிட்டிக்கினும் ஆயிரத்திற்கு ஏறத்தாழ 3க்கு மேல் தாழ்ந்து நிற்கும். குசராத்தின் கோட்டடா பாட்லியில் கிடைத்த சிந்துவெளிக் காலத்து ஓடுகள் 59ஐ ஆராய்ந்தோர், 22இல் பாற்கொழுப்பின் தடயம் உண்டென 2020இல் வெளியிட்டனர். வடமேற்கிந்தியச் சிந்துவெளி ஊர்களின் கலங்களைப் பற்றி 2021இல் வெளிவந்த ஆய்வோ ஊன்கொழுப்பே மிகுதி எனக் கண்டது. ஒரே கலத்திற் பலவும் சமைப்பராதலின் கலப்பு ஐயத்திற்கு இடந்தரும்.

முல்லையின் பாலும் நெய்யும் இம்முறைக்கு எளிதிற் சிக்கும். தானியம் அங்ஙனம் சிக்காது. நெற்சோறு விட்டுச்செல்லும் கொழுப்பு மிகச் சிறிது. மேலும், தினையையும் வரகையும் இம்முறை பிரிக்கமாட்டாது; குறிஞ்சியின் மூங்கிலரிசியோ மருதத்து நெல்லோடு ஒரே கணக்கில் நின்றுவிடும்! எலும்புப் புரதத்தின் அமினோ அமிலங்கள் ஓரளவு துணைபுரியும். உணவுச் சங்கிலியில் ஏறுந்தோறும் குளுட்டாமிக் அமிலத்தில் நைட்ரசன்-15 மிகும். ஃபினைல்அலனினில் அது பெரும்பாலும் மாறாது. இவ்விரண்டின் இடைவெளி ஊனும் மீனும் உண்ட அளவைக் காட்டும். ஆனால் வெப்பமிகு மண்ணில் அப்புரதம் பெரும்பாலும் அழிந்துபடும். ஆகவே நமக்கு ஓடுகளே முதன்மைச் சான்றாகின்றன.

தமிழ் ஆய்வாளராகிய நாம் எழுத்துப் பொறித்த ஓட்டையே போற்றுகின்றோம். கரிபிடித்த வெற்றோட்டை எவரும் பொருட்படுத்துவதில்லை. கொதிக்கும் நீரின்மேற் கொழுப்பு மிதப்பதால் பானையின் கழுத்திலும் வாய்விளிம்பிலும் அது மிகுதியாய்ப் படியும். அகழ்வோர் அத்தகைய ஓடுகளைக் கைபடாமல் எடுத்து, பிளாஸ்டிக் பையிலிடாது, மண்ணோடு தனியே பொதிந்து வைத்தல் வேண்டும். அருகிலுள்ள மண்ணிலும் ஒரு பிடி உடன்வைத்தால், ஓட்டில் உள்ளது சமைத்தோர் இட்டதோ, மண்ணிலிருந்து ஊறியதோ என்பது விளங்கும்.