ஒரு கணினி, இரண்டு பேர்

வீட்டில் இருப்பது ஒரே கணினி. அக்கா பாடம் தட்டச்சு செய்யும்போதே தம்பிக்கும் அது வேண்டுமா? லினக்ஸ் இயங்குதளத்தில் வழி இருக்கிறது. அது உங்கள் வீட்டிலேயே இருக்கலாம்: தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்குத் தந்த மடிக்கணினிகளில், சி-டாக் என்ற அரசு நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது.

ஆளுக்கொரு பயனர் கணக்கும் கடவுச்சொல்லும் வைத்துக்கொள்ளுங்கள். அக்கா வெளியேறாமலே, 'பயனரை மாற்று' என்பதைத் தேர்ந்தெடுத்தால் தம்பி தன் கணக்கில் நுழையலாம். அக்கா திறந்த கோப்புகள் அப்படியே இருக்கும். கன்ட்ரோல், ஆல்ட் விசைகளோடு எஃப் வரிசை விசை ஒன்றை அழுத்தியும் மாறிக்கொள்ளலாம்.

ஒன்று முக்கியம்: இருவர் வேலையும் ஒரே நினைவகத்தில்தான் ஓடுகிறது. அணைக்கும் முன் இருவருமே சேமித்துவிடுங்கள். மேசைக் கணினியில் இன்னொரு கிராபிக்ஸ் கார்டு, திரை, விசைப்பலகை, மவுஸ் இணைத்து, அதற்கேற்ப அமைத்தால், இருவரும் பக்கத்துப் பக்கத்தில் அமர்ந்தே வேலை பார்க்கலாம்.